பேர் எழுத வந்த மனிசி

அமெரிக்காவில ஆருக்கு வோட் இருந்தது, ஆருக்கு இல்லை எண்டதை நான் பள்ளிக்கூடத்தில படிக்கேல்லை. இஞ்ச கனடாவில, டோர்செட் பார்க்கில ஒரு அப்பார்ட்மென்ட் கட்டடத்தின்ர ஏழாம் மாடியில, ஒரு குசினி மேசையில இருந்து படிச்சனான். அதுவும் ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டுப் பிடிபட்டு முழிச்சுக்கொண்டிருந்த நேரத்தில. இப்ப ரீவியைப் போட்டால் அமெரிக்காவில வோட்டர் லிஸ்றில இருந்து பேரை எடுக்கிறாங்களாம், அந்தக் கடதாசியைக் காட்டு இந்தக் கடதாசியைக் காட்டு எண்டுறாங்களாம். என்னோட வளர்ந்த நீங்களே "உது என்ன புதுக் கூத்து" எண்டு கேக்கிறியள். புதுசோ? எங்களுக்கெல்லாம் ஐம்பது வயசு வரப்போகுது. இன்னும் ஆரும் எதையும் சொன்னால் நம்பிற பழக்கம் உங்களுக்குப் போகேல்லை.

எனக்கு அந்தப் பழக்கம் பதினொரு வயசிலயே போட்டுது. அந்த ஒரு இலையுதிர் காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போறன்.

அந்தக் கட்டடங்களில வளர்ந்த ஆக்களுக்குக் கதவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. எங்கட வீட்டில கதவு தட்டுப்பட்டால் திறக்கிறதில்லை. முதல் ரீவிச் சத்தத்தைக் குறைக்கிறது. பிறகு அப்பா சொக்ஸோட, கார்ப்பெற்றில சத்தம் வராமல் நடந்துபோய் கதவில இருக்கிற கண்ணாடி ஓட்டைக்குள்ளால பாப்பார். மற்றவை மூச்சு விடக்கூடாது. ஆனால் என்ன பிரயோசனம்? உள்ளுக்கை அம்மா செத்தல் மிளகாய் பொரிச்சுக்கொண்டு நிப்பா. வெளியில நிக்கிறவன் இருமிக்கொண்டு நிப்பான், உள்ளுக்கை நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவம். வீட்டில ஒருத்தரும் இல்லையாம்.

கீழ தபால் பெட்டியில மற்றவை எல்லாம் பேரை எழுதி ஒட்டியிருந்தவை. எங்கட பெட்டியில 309 எண்ட இலக்கம் மட்டும்தான். ரெலிபோன் வேறொருத்தரின்ர பேரில. நூலகத்தில எனக்கு அட்டை எடுக்கப் போனபோது அப்பா எங்கட குடும்பப் பேரில ரெண்டு எழுத்தை வேணுமெண்டு மாத்திச் சொன்னவர். நான் "அப்பா, பிழை" எண்டு சொல்ல வாய் திறந்தன். அவர் என்ர கையை இறுக்கிப் பிடிச்ச பிடியில எனக்கு விளங்கிட்டுது.

அப்பாவைப் பகிடி பண்ண முதல் இதையும் சொல்லவேணும். கொழும்பில கலவரம் வந்தபோது எனக்கு ஆறு வயசு. எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தவங்கள் கண்டபாட்டுக்கு வீடுகளை உடைக்கேல்லை. ஒருத்தன் கையில கடதாசிக் கட்டு இருந்தது. வோட்டர் லிஸ்ற். அதில தமிழ்ப் பேர் எந்த இலக்கத்தில இருக்குதோ அந்தப் படலையைத்தான் தள்ளினாங்கள். நாங்கள் பின்வீட்டுச் சிங்கள மனிசியின்ர குளியலறைக்குள்ள ஒளிச்சு நிண்டம். அப்பாவின்ர முழுப்பேரையும், அவரின்ர அப்பாவின்ர பேரோட, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒருத்தன் எங்கட வாசலில நிண்டு வாசிச்சான். பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற குரலில வாசிச்சான். அம்மா என்ர வாயைப் பொத்தியிருந்தா. அவவின்ர கையில சவர்க்கார மணம்.

அதுக்குப் பிறகு அப்பாவுக்கு உலகத்தில ஒரு விசயம்தான் விளங்கினது. பேரை எழுதக் குடுத்தால் ஆள் முடிஞ்சுது.

கனடா வந்து சிற்றிசன் எடுக்கேக்கையும் அவர் அப்பிடித்தான். பாஸ்போட் வேணும் எண்டதுக்காக எடுத்தவர். மண்டபத்தில எல்லாரும் எழும்பிச் சத்தியம் சொல்லேக்கை அவர் வாயை மட்டும் அசைச்சார், சத்தம் வரேல்லை. ஏன் எண்டு கேட்டன். "பேர் போதாதெண்டு என்ர குரலும் அவங்களிட்ட இருக்கட்டோ?" எண்டார். அம்மா அப்பிடி இல்லை. அந்த நாலு வரி இங்கிலிஸை ஒரு மாதமாய்க் குசினியில பாத்திரம் கழுவிக் கழுவிப் பாடமாக்கினவ. மண்டபத்தில அவவின்ர குரல்தான் பெரிசாய்க் கேட்டது. எனக்கு வெக்கமாய்ப் போட்டுது. வீட்டுக்கு வந்து அந்தச் சான்றிதழைப் பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டு, அதை இன்னொரு பைக்குள்ள போட்டு, தன்ர கலியாணச் சீலைக்குக் கீழ வச்சா. ஒரு கடதாசிக்கு ஏன் இவ்வளவு கரிசனை எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை.

அம்மாவைப் பற்றி எனக்கு விளங்காத விசயங்கள் கனக்க இருந்தது. அம்மாவின்ர ஊர் கிளிநொச்சி எண்டு சொல்லியிருந்தவை. ஆரும் "ஊரில எவடம்?" எண்டு கேட்டால் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லுவார். அவவின்ர பக்கத்துப் படம் ஒண்டும் வீட்டில இல்லை. கட்டடத்து அன்ரிமாரோட கதைக்கேக்கை அம்மா சொல்லுகளைப் பாத்துப் பாத்துத்தான் போடுவா. நான் அதைக் கூச்சம் எண்டு நினைச்சனான்.

புரட்டாதி முடிய எலெக்ஷன் எண்ட கதை வந்தது. கதையைக் கொண்டுவந்தவர் வான் அங்கிள். எங்கட ஆக்களை மிசிசாகாத் தொழிற்சாலையளுக்குத் தன்ர நீல வானில ஏத்தி இறக்கிறவர். கட்டடத்தின்ர செய்தி முழுக்க அந்த வானுக்குள்ளதான் பிறக்கும். அப்பாவும் அதில போறவர். அண்டைக்குப் பின்னேரம் அங்கிள் எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, "இந்த முறை சிற்றிசன் எடுத்த எங்கட ஆக்களுக்கும் வோட் இருக்காம்" எண்டு சொன்னார்.

அம்மா குசினி வாசலில வந்து நிண்டா. "எனக்கும் இருக்கோ?"

நகை வேணும் சீலை வேணும் எண்டு ஒரு நாளும் வாய் திறந்து கேக்காத மனிசி. அவ கேட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பாத்துக்கொண்டு, "இருக்கு. ஆனால் உமக்குத் தேவையில்லை" எண்டார்.

"ஏன் தேவையில்லை?"

"போடுறதெண்டால் பேர் குடுக்கோணும். வீடு வீடாய் ஆக்கள் வருவாங்களாம் எழுத."

"வரட்டுமே."

அப்பா வான் அங்கிளைப் பாத்தார். வான் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். எழுத வாறவை உண்மையில இமிக்கிறேசன் ஆக்கள், ஒரு அப்பார்ட்மென்டில எத்தினை பேர் படுக்கினம் எண்டு எண்ணத்தான் வருகினம், ஆர் களவாய் வேலை செய்யினம் எண்டு பிடிக்க இதொரு பொறி எண்டார். எங்க கேள்விப்பட்டனியள் எண்டு கேட்டால் "எல்லாருக்கும் தெரியும்" எண்டு பதில். நான் இண்டைக்கும் "எல்லாருக்கும் தெரியும்" எண்டு ஆரும் சொன்னால் அந்த ஆளின்ர முகத்தை ரெண்டாம் தரம் பாப்பன்.

இப்ப எல்லாம் கம்பியூட்டரில இருக்கு. அப்ப அப்பிடி இல்லை. எலெக்ஷன் வந்தால் ரெண்டு ரெண்டு பேராய்க் கதவு கதவாய்த் தட்டி, வீட்டில ஆர் சிற்றிசன், என்ன பேர் எண்டு எழுதிக்கொண்டு போவினம். அந்த லிஸ்றில பேர் இருந்தால் தபாலில ஒரு அட்டை வரும், காட் எண்டுவம். விடுபட்டால் திருத்துறதுக்குக் கொஞ்ச நாள் தருவினம். அந்த நாளும் போனால் நகரத்துக்குள்ள இருக்கிறவைக்குச் சரி, முடிஞ்சுது.

எங்கட கட்டடத்துக்கு எழுத வந்தவ ஏழாம் மாடியில இருந்த ஒரு கறுப்பு மனிசி. ஐம்பது வயசிருக்கும், நல்ல உயரம், கடுகு நிறக் கோட். எங்கட ஆக்கள் அவவுக்கு ஒரு பேர் வச்சிருந்தவை. அதை இதில எழுத எனக்கு மனமில்லை. அவ எலிவேற்றருக்குள்ள கண்டால் தானாய்க் குட் மோர்னிங் சொல்லுவா. அதுவே அப்பாவுக்குப் பெரிய சந்தேகம். "ஒரு காரியமும் இல்லாமல் ஆர் குட் மோர்னிங் சொல்லுவினம்?" எண்டு கேப்பார். அவவோட ஒரு வெள்ளை மனிசனும் வந்தவர். அவர் ஒண்டும் பேசுறேல்லை, சும்மா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிப்பார். வாய் பேசாதவன்தான் பெரிய அதிகாரி எண்டு வான் அங்கிள் சொன்னார்.

முதல் தரம் வந்தபோது நாங்கள் வழக்கம்போல செத்துப்போய் நிண்டம். அவை போனபிறகு கதவுக்குக் கீழால ஒரு துண்டு வந்தது. அப்பா அதைக் கையால எடுக்கேல்லை, பேப்பரால தள்ளி எடுத்தார். "வாசி பிள்ளை." வாசிச்சன். நீங்கள் வீட்டில இல்லாதபடியால் திரும்ப வருவம் எண்டு எழுதியிருந்தது. "பாத்தியோ" எண்டார் அப்பா. "விடமாட்டாங்கள்."

ரெண்டாம் தரம் வந்தது ஒரு சனிக்கிழமை. அம்மா ஹொட்டல் ஒண்டில படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலைக்குப் போட்டா. தட்டின உடன அப்பா என்னைக் கூப்பிட்டு மெல்லமாய்ச் சொன்னார். "சங்கிலியைப் போட்டுக்கொண்டு திற. இஞ்ச சிற்றிசன் ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்காத."

சங்கிலி விட்ட இடைவெளிக்குள்ளால அவவின்ர பாதி முகமும், நூலில கட்டின பென்சிலும் தெரிஞ்சுது. வீட்டில பதினெட்டு வயசுக்கு மேல சிற்றிசன் எத்தினை பேர் எண்டு கேட்டா. "ஒருத்தரும் இல்லை. என்ர அம்மா அப்பா கனேடியர் இல்லை" எண்டன். அப்பா சொல்லியிருந்தால் அவரின்ர இங்கிலிஸ் அவவுக்கு அரைவாசிதான் விளங்கியிருக்கும், ரெண்டு கேள்வி கூடக் கேட்டிருப்பா. என்ர இங்கிலிஸ் அப்ப நல்லாய் வந்திட்டுது.

"நிச்சயமோ, செல்லம்?"

"ஓம்."

அவ என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. பிறகு எங்கட இலக்கத்துக்கு நேர ஒரு கோடு இழுத்தா. கதவைப் பூட்ட அப்பா என்ர தலையைத் தடவி, "கெட்டிக்காரி" எண்டார். எனக்கு நல்ல சந்தோசம். குடும்பத்தை நான்தான் காப்பாத்தினன் எண்டு நினைச்சன். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு அப்பா சொல்லேல்லை. சொல்லத் தேவையில்லை எண்டு எனக்கே தெரிஞ்சுது.

ரெண்டு கிழமையால மற்ற வீடுகளுக்குக் காட் வரத் தொடங்கிச்சுது. அம்மா வேலையால வந்து, கோட்டைக் கழட்ட முதல் கேப்பா. "எனக்கொண்டும் வரேல்லையோ பிள்ளை?" கையெல்லாம் பிளீச் மணம், விரல் நுனி வெளிறிச் சுருங்கிப்போயிருக்கும். தபால் பெட்டித் திறப்பு என்னட்டைத்தான் இருந்தது. "நாளைக்கு வரும் அம்மா" எண்டுவன். அடுத்த நாளும் கேப்பா. அடுத்த நாளும் அதே பதில்.

இதில நான் ஒண்டை ஒளிக்காமல் எழுதவேணும். கீழ லொபியில எலிவேற்றருக்குப் பக்கத்தில ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. பேர் விடுபட்டவை இந்தத் திகதிக்கு முதல் வந்து திருத்தலாம் எண்டு. பள்ளிக்கூடத்தால வாற ஒவ்வொரு நாளும் அதை வாசிச்சனான். மூண்டு நாள் இருக்கு, ரெண்டு நாள் இருக்கு, இண்டைக்குத்தான் கடைசி. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அந்தத் திகதி தாண்டின அண்டைக்கு எனக்கு நெஞ்சுக்குள்ள பெரிய நிம்மதி. இனி ஆரும் ஒண்டும் செய்யேலாது, அம்மா கேட்டு அலுத்து விட்டிடுவா எண்டு நினைச்சன். பதினொரு வயசுப் பிள்ளைதானே எண்டு நீங்கள் சொல்லுவியள். பதினொரு வயசில எனக்கு எல்லாம் விளங்கினது.

அம்மா விடேல்லை. ஏழாம் மாடி மனிசிதான் எழுதினவ எண்டு ஆரோ அன்ரி சொல்லியிருக்கிறா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வான் அங்கிளோட வெளியில போன நேரம், அம்மா றோல்ஸ் பொரிச்சு ஒரு தட்டில அடுக்கினா. வெறுங்கையோட போகேலாது எண்டா. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு எலிவேற்றரில ஏறினா.

அவவின்ர குசினி எங்கட குசினியை அப்பிடியே திருப்பி வச்சமாதிரி. அடுப்பில ஏதோ கீரை அவிஞ்சுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவவுக்கு நினைவு வந்திட்டுது எண்டு எனக்குத் தெரிஞ்சுது. இருங்கோ எண்டு கதிரையை இழுத்துப் போட்டா.

அம்மா சொன்னா, "கேள் பிள்ளை. எல்லாருக்கும் காட் வந்தது, எனக்கு ஏன் வரேல்லை எண்டு."

கேட்டன். அந்த மனிசி எனக்குத்தான் பதில் சொன்னா. உன்ர அம்மா சிற்றிசன் எண்டு நீ சொல்லேல்லையே, இல்லையெண்டெல்லோ சொன்னனீ எண்டு.

அம்மா என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. நான் சொன்னன், "தான் மறந்துபோனாவாம், அம்மா. மன்னிக்கட்டாம்."

அப்பா சொல்லச்சொல்லி நான் சொன்ன பொய் ஒண்டு. இது அப்பா சொல்லச்சொன்ன பொய் இல்லை.

அம்மாவின்ர முகம் இருண்டுபோச்சு. "மறந்ததோ? ஒரு ஆளை மறக்கிறதோ?" எண்டு தமிழில குரலை உயர்த்தினா. அந்த மனிசி அம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா. தனக்கும் அம்மாவுக்கும் நடுவில ஏதோ பிழை நடக்குது எண்டு பிடிச்சிட்டா. பிறகு என்னை விட்டிட்டு, அம்மாவின்ர கண்ணைப் பாத்து, ஒவ்வொரு சொல்லாய், விரலால என்னைக் காட்டி, "ஷீ. டோல்ட். மீ. நோ சிற்றிசன்" எண்டா.

சிற்றிசன் எண்ட சொல்லு அம்மாவுக்குத் தெரியும்தானே. ஒரு மாதமாய்ப் பாடமாக்கின சொல்லு.

அவ என்னை அடிக்கேல்லை, ஏசேல்லை. றோல்ஸ் தட்டை மேசை நடுவுக்குத் தள்ளி வச்சா. பிறகு, "இனிச் செய்யேலாதோ எண்டு கேள்" எண்டா. கேட்டன். அந்த மனிசி எழும்பி ரெலிபோன் எடுத்து ஆரோடையோ கனநேரம் கதைச்சா. ஞாயிற்றுக்கிழமை எண்டாலும் அங்க ஆரோ எடுத்தவை. வச்சிட்டுத் தலையை ஆட்டினா. திகதி தாண்டிப்போச்சு.

அதுக்குப் பிறகும் அம்மா எழும்பேல்லை. அந்த மனிசி கேட்டா, வீட்டில ஏன் அப்பிடிச் சொல்லச்சொன்னவை எண்டு. அம்மா என்னட்டைத் திரும்பினா. "சொல்லு. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. அவ சொல்லுறதையும் அப்பிடியே சொல்லு. ஒண்டையும் கூட்டாத, குறைக்காத." கொழும்பில லிஸ்றோட வந்தவங்களைப் பற்றி அம்மா சொல்லச் சொல்ல நான் இங்கிலிஸில சொன்னன். அந்த மனிசி அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து இருந்தா.

தானும் லிஸ்றுக்குப் பயந்த வீட்டில பிறந்தவதான் எண்டா. மிசிசிப்பியில. அமெரிக்காவில முதல் முதல் வோட் இருந்தது காணிபூமி உள்ள வெள்ளை ஆம்பிளையளுக்குத்தானாம். பிறகு காணி இல்லாத வெள்ளை ஆம்பிளையளுக்கும் வந்ததாம். உள்நாட்டுச் சண்டை முடிய, அடிமையாய் இருந்த ஆம்பிளையளுக்கும் இருக்கு எண்டு சட்டம் எழுதினாங்களாம். எழுதினது ஒண்டு, நடந்தது வேறொண்டு. பொம்பிளையளுக்குக் குடுத்தது அதுக்கும் கனகாலம் பிந்தி. அப்பவும் தெற்குப் பக்கத்தில கறுப்புச் சனம் பேர் பதியப் போனால் வரி கட்டினனியோ எண்டு கேப்பாங்களாம். இல்லாட்டி மாநிலச் சட்டத்தில ஒரு துண்டைக் காட்டி, இதுக்கு விளக்கம் எழுது எண்டுவாங்களாம். சரியோ பிழையோ எண்டு சொல்லுறது அங்க இருக்கிற கிளாக். படிப்பிக்கிற வாத்திமாரே தோத்துப்போன சோதினை அது.

அவவின்ர அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில உடுப்புத் தோய்ச்சவ. ஒரு நாள் துணிஞ்சு போய்ப் பேர் பதியக் கேட்டாவாம். பதியக் கேட்ட ஆக்களின்ர பேரையும் விலாசத்தையும் ரெண்டு கிழமை பேப்பரில போடவேணும் எண்டு அங்க ஒரு சட்டம். ஏன் எண்டு உங்களுக்கு விளங்கும். முதல் கிழமை பேப்பர் வந்தது, தோய்க்கிற வேலை போச்சு. ரெண்டாம் கிழமை பேப்பர் வந்தது, வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொன்னான். சோதினையிலயும் பெயிலாம்.

"பிறகு?" எண்டு அம்மா தானே இங்கிலிஸில கேட்டா.

பிறகும் போனவவாம். அதுக்குப் பிறகும் போனவவாம். கடைசியில சோதினையைத் தூக்கிற சட்டம் வந்து, அறுபது வயசு தாண்டி ஒரு நாள் வோட் போட்டவவாம். போட்டிட்டு வந்து பின்னேரம் முழுக்க நித்திரை கொண்டாவாம். அந்த மனிசி புருசனுக்கு ஒஷாவாவில கார் செய்யிற இடத்தில வேலை கிடைச்சபடியால் கனடா வந்தவ. எலெக்ஷன் வந்தால் பேர் எழுதுற வேலையைத் தானாய்க் கேட்டு எடுக்கிறவவாம். கதவு திறக்காத வீட்டுக்கு ஒரு தரம் கூடவே போவாவாம். உங்கட கதவிலயும் இன்னொரு தரம் தட்டியிருக்கோணும், இந்தப் பிள்ளையின்ர இங்கிலிஸை நம்பிப்போட்டன் எண்டா. அதையும் நானேதான் அம்மாவுக்குச் சொன்னன், கூட்டாமல் குறைக்காமல்.

அப்ப அம்மா கதைக்கத் தொடங்கினா. எனக்கு முதல் விளங்கினது கதை இல்லை, பேச்சு மாறினது. "எங்கப்பாவுக்கும் இருந்திச்சு" எண்டா. "ஒரு தடவை போட்டாரு. அப்புறம் சொதந்திரம் கெடச்ச ஒடனே எங்க ஆளுங்க பேரையெல்லாம் எடுத்துட்டாங்க. தோட்டத்து ஆளுங்க இந்த நாட்டு ஆளுங்க இல்லேன்னுட்டாங்க."

நான் இங்கிலிஸில சொல்ல மறந்துபோனன். "சொல்லு" எண்டா அம்மா.

அம்மா மலைநாட்டில, தேயிலைத் தோட்டத்து லயத்தில பிறந்தவ. தோட்டத்தில அடிச்சுக் கலைக்க, குடும்பமாய்க் கிளிநொச்சிக்கு வந்தவை. அங்க கந்தோரில வேலை செய்த அப்பாவைக் கலியாணம் கட்டி, பிறகுதான் கொழும்புக்கு வந்தவ. அம்மா பிறக்க முதலே பறிச்ச உரிமை, அவ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆளாய்த்தான் பிறந்தவ. அந்தச் சட்டத்துக்குக் கை உயத்தினவையில வடக்குத் தமிழ்ப் பெரியாக்களும் இருந்தவையாம். அவவுக்கு முதல் முதல் நீ இந்த நாட்டு ஆள் எண்டு எழுதிக் குடுத்தது கனடாதான். இதையெல்லாம் என்ர அம்மா எனக்குச் சொல்லேல்லை. ஒரு அமெரிக்க மனிசிக்குச் சொன்னா, நான் நடுவில இருந்தன்.

கனடாவைக் கொண்டாடவும் நான் வரேல்லை, கண்டியளோ. சீன ஆக்களுக்கும் இந்திய ஆக்களுக்கும் இஞ்சையும் சில இடங்களில கனகாலம் வோட் இல்லை. இந்த மண்ணின்ர ஆதிக்குடியளுக்கு அதுக்கும் பிந்தி. பிறகு தேடி வாசிச்சுத்தான் தெரிஞ்சுகொண்டனான், ஆரும் சொல்லித் தரேல்லை.

எலெக்ஷன் அண்டைக்கு அம்மா வேலைக்கு லீவு போட்டா. பட்டுச்சீலை உடுத்து, அதுக்கு மேல வின்ரர் கோட், கையில ரெண்டு பைக்குள்ள போட்ட சான்றிதழ். "பேர் இல்லையெண்டால் அவையின்ர வாயால கேக்கோணும்" எண்டா. என்னையும் கூட்டிக்கொண்டு போனா. வோட் போடுற இடம் என்ர பள்ளிக்கூடத்து ஜிம்மில. தரை மெழுகும் பழைய பந்துகளும் கலந்து மணத்தது. மேசையில இருந்த பொம்பிளை எங்கட கட்டடத்தின்ர லிஸ்றை எடுத்து, அடிமட்டத்தை வச்சு மெல்ல மெல்லக் கீழ இறக்கினா. 305. 307. 311. "சொறி" எண்டா.

அம்மா குனிஞ்சு, 307-க்கும் 311-க்கும் நடுவில இருந்த வெள்ளையில விரலை வச்சா. "சொல்லு பிள்ளை, நான் சிற்றிசன் எண்டு."

சொன்னன். சான்றிதழையும் காட்டினன். அந்தப் பொம்பிளை நல்ல பொம்பிளைதான், அவவுக்கும் கவலை. ஆனால் லிஸ்றில இல்லாத ஆளுக்குக் குடுக்கேலாது. எங்களுக்குப் பின்னால வரிசை நீண்டுது. அம்மா சான்றிதழை முதல் பைக்குள்ள போட்டா, ரெண்டாம் பைக்குள்ள போட்டா, அவசரப்படேல்லை. நடந்து வீட்டுக்கு வந்தம். அம்மா முன்னால, நான் நாலடி பின்னால. அந்த நடைக்கு நான் இண்டைக்கும் வெக்கப்படுறன்.

சாப்பிடேக்கை அப்பா, "எல்லாம் எங்கட நல்லதுக்குத்தான்" எண்டு தொடங்கினார். அம்மா புட்டுப் பரிமாறிக்கொண்டே சொன்னா. "உங்கட பேரை வாசிச்சாங்கள் எண்டு உங்களுக்குப் பயம். நான் பிழை சொல்லேல்லை. என்ர பேரை ஒருத்தரும் ஒரு இடத்திலயும் எழுதவே இல்லை." அப்பா கையை உதறிப்போட்டு எழும்பிப் போனார். பிறகும் அவர் எந்த லிஸ்றுக்கும் பேர் குடுக்கேல்லை. மரண அறிவித்தலில நாங்கள் போட்டபோதுதான் அவரின்ர முழுப்பேர் சரியான எழுத்தோட கடதாசியில வந்தது.

அடுத்த எலெக்ஷனுக்கு அம்மா தானே ஏழாம் மாடிக்கு ஏறிப்போய்ப் பேர் குடுத்தா. அதுக்குப் பிறகு மாநகரம், மாகாணம், நாடு எண்டு ஒண்டையும் விடேல்லை. ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. வீட்டுக்கு வாற கடிதங்களையும் என்னட்டைத் தரேல்லை. தமிழில ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிசியிட்டைக் கொண்டுபோய், சைகையும் அரைகுறை இங்கிலிஸுமாய் வாசிப்பிச்சுக்கொண்டு வருவா. என்ர ரிப்போட் காட்டையும் ஏழாம் மாடிக்குக் கொண்டுபோய் வந்த பிறகுதான் கையெழுத்து வைப்பா. இவ்வளவுக்கும் சாப்பாட்டிலயோ அன்பிலயோ ஒரு குறையும் வைக்கேல்லை. சீப்பால தலை இழுத்து விட்டா, காய்ச்சல் வந்தால் பக்கத்தில படுத்தா. நான் ஒரு வசனத்தை மொழிபெயர்த்தால் மட்டும் என்ர வாயையே பாத்துக்கொண்டு இருப்பா.

இப்ப அம்மா என்னோடதான் இருக்கிறா. கண் நல்லாய் மங்கிப்போச்சு. போன எலெக்ஷனுக்கு நானும் என்ர மகளும் அவவைக் கூட்டிக்கொண்டு போனம். கண் தெரியாத ஆளெண்டால் சொந்தக்காரர் ஒருத்தர் கூடப்போய், அவை சொல்லுற பேருக்கு நேர கீறிக் குடுக்கலாம். சொன்னபடிதான் கீறுவன், வெளியில சொல்லமாட்டன் எண்டு சத்தியம் செய்யவேணும். மேசையில இருந்த பெடியன், "நீங்கள்தானே மகள்?" எண்டு என்னட்டைக் கேட்டான். நான் ஓம் எண்டு கையை உயத்தினன்.

அம்மா என்ர கையைத் தடவிப் பிடிச்சு, மெல்லக் கீழ இறக்கினா. "நீ கதிரையில இரு பிள்ளை. பேத்தி வரட்டும்."

கோவத்தில சொல்லேல்லை. கோவத்தில சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பன். மகள் என்னைப் பாத்தாள், அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகு கையை உயத்திச் சத்தியம் செய்தாள். ரெண்டு பேரும் மறைப்புக்குப் பின்னால போச்சினம். நான் போய்க் கதிரையில இருந்தன்.